கொல்லிமலை நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பழம் பறிப்பு நடப்பதால் உடனே எழுத உட்கார முடியவில்லை. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

உங்கள் ஊரில் பத்துக் குடும்பங்களைச் சேர்த்துக் காபியை ஒழுங்காகச் செய்யப் போவதாகவும், முதலில் எத்தனை நாற்று வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். நாற்றை அப்புறம் பார்க்கலாம். இருக்கிற செடியில் காய்ப்பது எப்படி விலைக்குப் போகிறது என்று முதலில் பார்.

இங்கே பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் கதை இதுதான். மழைக்காலத்திலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவோம். கார்த்திகையில் பழம் சிவக்கும்போது கடன் நெருக்கும். பச்சைக்காய், செங்காய், பழம் என்று பார்க்காமல் கிளையோடு உருவி, மண் தரையில் காயப்போட்டு, அவர் சொன்ன விலைக்குக் கொடுப்போம். இரண்டு ஏக்கர்க்காரன் தோற்பது அந்த இடத்தில்தான்.

மூன்று வருடமாக நாங்கள் ஏழு குடும்பம் சேர்ந்து பழத்தின் தோலை நீக்குகிற பல்ப்பர் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறோம். சிவந்த பழத்தை மட்டும் மூன்று நான்கு தடவையாகப் பறிக்கிறோம். தண்ணீரில் மிதப்பதை ஒதுக்கிவிட்டு, அன்றைக்கே தோல் நீக்கி, ஒரு நாள், குளிராக இருந்தால் ஒன்றரை நாள் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுகிறோம். காயவைப்பதுதான் பெரிய பாடு. வடகிழக்குப் பருவமழையும் அறுவடையும் ஒன்றாக வருகிற மலை எங்களுடையது, உன்னுடையதும் அப்படித்தானே? கொட்டையின் ஈரம் பத்து சதவீதத்துக்கு இறங்காவிட்டால் பூசணம் பிடிக்கும். அதனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு காயவைக்க வலைக் கட்டிலும் மேலே பிளாஸ்டிக் கூரையுமாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பழம் கொண்டுவந்தவருக்கு அன்று மாலையே பாதிப் பணமாவது கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கைமுதல் இல்லாமல் தொடங்காதே. விற்ற பிறகு தருகிறோம் என்றால் அவர்கள் முன்பணம் தருகிறவரிடமே திரும்பிப் போவார்கள், அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளிடம் பழமாகவே வாங்கி, ஒரே இடத்தில் பதப்படுத்தினார்கள். 2019-ல் அந்தக் காபிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் நிலமும் நம்மைப் போலத் துண்டு துண்டானதுதான்.

நிழல் மரத்தில் மட்டும் கை வைக்கவிடாதே. விளைச்சல் கூடும் என்று நம்பி மேல்காட்டில் பாதி மரத்தை வெட்டினேன். வெயில் பட்ட காபித் தண்டில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இலை மஞ்சளாகி வாடிய பிறகு மருந்தடித்துப் பயனில்லை, பிடுங்கி எரித்தேன். இருபது வருடச் செடிகள்டா, எரிக்கும்போது அம்மா பக்கத்தில் நின்று அழுதார்கள். இப்போது முள்முருங்கையும் பலாவும் வைத்திருக்கிறேன், சில்வர் ஓக்கில் மிளகு ஏறுகிறது. காபி விலை படுத்த வருடம் அந்த மிளகுதான் சோறு போட்டது.

நாற்று என்று வந்தால் சந்திரகிரி ரகத்தைப் பார்க்கலாம், இலைத் துரு நோயை ஓரளவு தாங்குகிறது. தைப் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இங்கே வந்து தங்கு. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது, இரண்டு பேரும் போய்க் கேட்கலாம். முடிந்தால் உன் குழுவில் பெண்கள் இரண்டு பேரையாவது கூட்டி வா, பழம் பிரிப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. வரும்போது உங்கள் மலையின் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு என்ன விலைக்குப் போகிறது என்றும் விசாரித்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்