அவுட்லுக் தொங்குதா? அந்த ஆட்-இன்னை ஆஃப் பண்ணிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். மெயின்டனன்ஸ் பில் மெயிலைத் திறந்தாலே அவுட்லுக் தொங்கிடுதுன்னு நிறைய பேர் சொல்லிட்டீங்க, பில்லுல ஒரு கோளாறும் இல்லை, ஏதோ ஃப்ரீ பிடிஎஃப் சாஃப்ட்வேர் போட்டப்போ கூடவே ஒரு ஆட்-இன் (அவுட்லுக்கோட சேர்ந்து ஓடற குட்டி சாஃப்ட்வேர்) வந்து ஒட்டிக்கிட்டிருக்கு, அதான் வேலையைக் காட்டுது. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள்ள ஆஃப் பண்ணிடுங்க, ஞாயிறு காலைல ஜெனரல் பாடி கணக்கு மெயில்ல வருது.

1. அவுட்லுக்கை மூடுங்க. கன்ட்ரோல் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஐகானை கிளிக் பண்ணுங்க, சேஃப் மோடான்னு கேக்கும், எஸ் குடுங்க.
2. இப்ப தொங்கலையா? அப்ப ஆட்-இன் தான்.
3. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போங்க. கீழ மேனேஜ்ல காம் ஆட்-இன்ஸ் (COM Add-ins) வச்சு கோ அமுக்குங்க.
4. பிடிஎஃப்னு பேர் இருக்கறதுல டிக்கை மட்டும் எடுங்க, ஓகே. ரிமூவ் வேணாம். ஆர்வக்கோளாறுல டீம்ஸ் ஆட்-இன்னையும் எடுத்துட்டா மீட்டிங் பட்டன் காணாம போயிடும், அப்புறம் எனக்குத்தான் போன் வரும்.
5. மூடிட்டு சாதாரணமா திறங்க.

ஆபீஸ் லேப்டாப்னா டிக் எடுக்க அட்மின் பர்மிஷன் கேக்கலாம், உங்க ஐடி ஆளுங்ககிட்ட சொல்லுங்க. புது அவுட்லுக் வச்சிருக்கவங்க விட்டுடுங்க, அதுல காம் ஆட்-இன் ஓடவே ஓடாது. போன்ல பாக்கறவங்களுக்கும் இது இல்லை.

முடிச்சவங்க பிளாட் நம்பரோட 'ஆச்சு'ன்னு போடுங்க, வெறும் கட்டைவிரல் வேணாம் ப்ளீஸ். சரியா வரலைன்னா சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு லேப்டாப்போட கிளப் ஹவுஸ் வந்துடுங்க, சார்ஜரும் எடுத்துட்டு வாங்க.