ஸ்டாக்ஹோம் சுற்றுலா நடக்காததற்கும், அதன் பிறகு எங்களை அலையவிட்டதற்கும் புகார்

நாள்: 18-11-2024
மதுரை

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
சென்னை அலுவலகம்.

பொருள்: 2024 ஜூன் 9 முதல் 18 வரை நடந்த பால்டிக் கப்பல் பயணம் – சேவைக் குறைபாடு – கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்தும் மின்னஞ்சல்கள். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது. அதிலும் என் பெயரை இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டிருந்தீர்கள். அதனால்தான் இந்த முறை பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன்.

பயணத் திட்டத்தை நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. அது உங்கள் திட்டம், நீங்கள் அச்சடித்த தாள், நீங்கள் கொடுத்த வவுச்சர். எட்டாம் நாளான ஜூன் 16க்கு நேரே ஸ்டாக்ஹோம், வாசா அருங்காட்சியகம் என்று எழுதியிருப்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அக்டோபர் 15ஆம் தேதியைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் மனசு ஆறாமல் இருப்பது அதனால்தான். இந்தப் புகாரைப் பற்றிப் பேச அன்று காலை 11 மணிக்கு மேலாளர் எங்களை நேரில் பார்ப்பார் என்று நாள் குறித்தது நீங்கள். முந்தைய நாள் டிவியில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்று ஓடிக்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்து மாலை 4 மணிக்கு உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஆகஸ்டில் எங்களிடம் பேசிய, மூன்றாம் கவுன்டரில் உட்காரும் அந்த இளைஞர்தான், குரலிலேயே தெரிந்தது. "வாங்க சார், மேனேஜர் கண்டிப்பா இருப்பார்" என்றார். அவர் பேச்சை நம்பி ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். எழும்பூரில் இறங்கி, கொட்டுகிற மழையில் ஆட்டோவுக்கு இரண்டு மடங்கு கொடுத்து வந்து சேர்ந்தால் ஷட்டர் மூடியிருக்கிறது. காவலாளி சொன்னார்: "நேத்து சாயங்காலமே எல்லாரையும் வீட்ல இருந்து வேலை பார்க்கச் சொல்லிட்டாங்களே சார், உங்களுக்குச் சொல்லலையா?" என் மனைவிக்கு 63 வயது. முழங்காலுக்குக் கீழே சேலை முழுக்க நனைந்து நின்றாள். அந்தக் காவலாளிதான் நாற்காலி போட்டு, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் எங்களை மனிதர்களாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். அவருக்கு நன்றி சொல்ல இந்தக் கடிதத்தில் இடம் ஒதுக்குகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி 31 ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். ஈர்ப்பு மையம் பாடம் எடுக்கும் ஒவ்வொரு வருஷமும் அவள் வகுப்பில் சொல்லும் கதை 'வாசா' கப்பலின் கதை. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப் கட்டச் சொன்ன போர்க்கப்பல். 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள். மேலே பாரம் அதிகம், அடியில் அதைத் தாங்கும் கனம் போதவில்லை. புறப்படுவதற்கு முன்னால் முப்பது பேரைத் தளத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனாலும் கப்பலை விட்டார்கள். 1628 ஆகஸ்ட் 10 அன்று சுமார் 1,300 மீட்டர்தான் போனது. ஒரு காற்று அடித்ததும் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. 333 ஆண்டுகள் கழித்து, 1961இல் வெளியே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தை அரிக்கும் கப்பல்புழு அங்கே வாழாது, அதனால்தான் மரம் அழியாமல் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வாள். இதை நான் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் எங்களிடம் எதை விற்றீர்கள் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான். உங்களுடைய 9 இரவுத் திட்டத்தை நாங்கள் எடுத்ததே அதில் "ஸ்டாக்ஹோம் – வாசா அருங்காட்சியகம் உள்பட" என்ற ஒரு வரி இருந்ததால்தான். முன்பதிவு செய்யும்போதே இதைத் தெளிவாகச் சொன்னோம். குறித்தும் கொண்டீர்கள்.

கப்பல் ஸ்டாக்ஹோமுக்குப் போகவில்லை. நீனஸ்ஹாம்ன் என்ற ஊருக்குப் போனது. நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே. மதுரைக்கு டிக்கெட் விற்றுவிட்டு திண்டுக்கல்லில் இறக்கிவிட்டதற்குச் சமம் இது. பெரிய கப்பல்கள் பல அங்கேதான் நிற்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. கப்பல் நிறுவனம் வழியில் எதையும் மாற்றவும் இல்லை. அவர்கள் உங்களுக்கு அனுப்பிய உறுதிச் சீட்டின் நான்காம் பக்கத்தில் 2023 அக்டோபரிலேயே நீனஸ்ஹாம்ன் என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எங்களுக்கு நீங்கள் கொடுக்கவில்லை. திரும்பி வந்த பிறகு கப்பல் நிறுவனத்திடம் கேட்டு நானே வாங்கினேன். உங்கள் வவுச்சரிலோ பேருந்து ஏறும் இடம் ஸ்டாட்ஸ்கோர்டன் கப்பல்துறை என்று இருக்கிறது. அது நகரத்துக்கு நடுவில் இருக்கும் துறை.

ஜூன் 15 ராத்திரி, மறுநாள் நிகழ்ச்சித் தாளை அறைக்குள் போட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. கப்பலின் வரவேற்பில் கேட்டேன். "இது எங்கள் சுற்றுலா இல்லை, உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்" என்றார்கள். தனியாகப் பணம் கட்டி வைஃபை வாங்கி, அந்தத் தாளைப் படம் எடுத்து உங்கள் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக்கும் விழுந்தது. பதில் இல்லை. படித்தவர் யார் என்பதை நீங்கள் விசாரித்து எனக்குச் சொல்ல வேண்டும்.

மறுநாள் 8:40க்கு இறங்கினோம். உங்கள் பெயர்ப் பலகையோடு யாரும் இல்லை. உங்கள் அவசர எண்ணுக்கு அழைத்தேன். அப்போது இந்தியாவில் மதியம் 12 தாண்டியிருந்தது, தூக்கத்தில் எழுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றேதான்: "அங்கேயே இருங்க சார், வண்டி கிளம்பிடுச்சு, அரை மணி நேரத்துல வந்துடும்." அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகி, இரண்டு மணி நேரமானது. பதினொன்றரை மணிக்கு வழிகாட்டியின் எண்ணைக் கொடுத்தார்கள். அவர் காலையிலிருந்து ஸ்டாட்ஸ்கோர்டனில் நின்றுவிட்டு, எங்களைக் காணவில்லை என்று வீட்டுக்குப் போயிருந்தார். அவரிடம் யாருமே பேசவில்லை. வண்டி எதுவும் கிளம்பவே இல்லை. இதை மறுபடி உங்கள் ஆட்களிடம் சொன்னால், "இல்ல சார், வேற வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கோம், நகராதீங்க" என்றார்கள். ஒரு மணி பத்து நிமிஷம் வரைக்கும் நகராமல் நின்றோம்.

ஐயா, அந்த ஊரில் ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. புறநகர் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஸ்டாக்ஹோம். முதல் போனிலேயே "எங்களால் முடியவில்லை, நீங்களே ரயிலில் போய்விடுங்கள்" என்று ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் 11 மணிக்கு அவள் வாசா கப்பலுக்கு முன்னால் நின்றிருப்பாள். மாலை 4:30க்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும். ஒரு மணிக்கு மேல் போய் என்ன பண்ணுவது? பேருந்து வராததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். வருகிறது வருகிறது என்று நான்கரை மணி நேரம் எங்களை அங்கேயே கட்டிப்போட்டதை மன்னிக்க முடியாது.

துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பெஞ்ச் இருந்தது. தூறல், குளிர் காற்று. என் மனைவி கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் வரைவதற்காக அவளே வருஷக்கணக்காக வைத்திருந்த படம். வாசா கப்பலின் குறுக்குவெட்டு, ஈர்ப்பு மையத்துக்குச் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மடிப்பு கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. நேரில் பார்த்து அந்தப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும் என்று கொண்டுவந்திருந்தாள். எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டாள். "சரி விடுங்க, கப்பலுக்குப் போவோம்" என்றாள். திரும்பி வந்த பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

இந்த விஷயத்தைத்தான் ஆகஸ்டில் உங்கள் மூன்றாம் கவுன்டரில் சொன்னோம். ஜூலையில் வந்தபோது "ஃபைல் இன்னும் வரலை" என்று அனுப்பிவிட்டதால் அது இரண்டாவது பயணம். அந்த இளைஞர் எங்கள் அசல் வவுச்சரை வாங்கித் திருப்பி வைத்து, அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார். இணைப்பு 3இல் தெரியும் வட்டக் கறை அதுதான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஷிப் ஸ்டாக்ஹோம் போச்சா இல்லையா சார்? ஸ்டாம்ப் போட்ட மாதிரி உங்க இன்வாய்ஸ்லயே இருக்கே" என்றார். "அது ஸ்டாக்ஹோம் இல்லப்பா, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேற ஊரு" என்று என் மனைவி பொறுமையாகச் சொன்னாள். அதற்கு அவர் சொன்னது: "ஒரு பழைய கப்பல்தானே ஆன்ட்டி, யூடியூப்ல பாத்துக்கோங்க." ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவளிடம், ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கட்டிய வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சா இது? அவர் எங்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் ஒரே மின்னஞ்சலில், "ஒரு துறைமுகம் தவிர மற்றவை திருப்தியாக இருந்ததாக அறிகிறோம்" என்று இருக்கிறது. யாரிடமிருந்து அறிந்தீர்கள்? "பெர்லின்" என்று போட்ட நாளில் கப்பல் நின்றது வார்னெமுண்டே என்ற துறைமுக ஊரில். போக மூன்று மணி, வர மூன்று மணி பேருந்திலேயே போனது. அங்கே வண்டியைச் சரியான துறைமுகத்துக்கு அனுப்பத் தெரிந்த உங்களுக்கு, நீனஸ்ஹாம்னுக்கு அனுப்ப ஏன் தெரியவில்லை? அதே பேருந்தில் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் பன்றி இறைச்சி. சைவம் என்று மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். "எல்லாம் சேர்த்து" என்ற உங்கள் விலையில் கப்பலின் சேவைக் கட்டணம் சேரவில்லை. ஆளுக்கு ஒரு இரவுக்கு 18 டாலர் வீதம் 324 டாலரைக் கடைசி நாளில் எங்கள் அட்டையிலிருந்து எடுத்தார்கள்.

எஸ்டோனியாவின் தாலினும் பின்லாந்தின் ஹெல்சிங்கியும் நன்றாகத்தான் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். தாலினில் கப்பலிலிருந்து நாங்களே நடந்து பழைய நகரத்துக்குப் போனோம். 1422இலிருந்தே இருக்கும் மருந்துக் கடையை டவுன் ஹால் சதுக்கத்தில் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டாள். ஹெல்சிங்கியில் சந்தைச் சதுக்கத்திலிருந்து படகு ஏறி சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் போனோம். இரண்டிலும் உங்கள் ஏற்பாடு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

அதனால் ஒரு நாள் கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டு எங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தைப் பூட்டிவிட்டு, சாப்பாடு போட்டோமே என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? எங்கள் 35ஆவது திருமண ஆண்டுப் பயணம் முழுவதுமே வீணாகிவிட்டது. இனி அந்தப் பக்கம் போக எங்களுக்கு உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் பணமில்லை. நீங்கள் தர முன்வந்தது, ஆறு மாதத்துக்குள் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஆறாயிரம் ரூபாய் கூப்பன். அதை ஏற்க மாட்டோம் என்பதை இதன் மூலம் தெரிவிக்கிறேன்.

நாங்கள் கேட்பது: கட்டிய 9,40,000 ரூபாயும் 324 டாலரும் முழுதாகத் திரும்ப வேண்டும். மன உளைச்சலுக்கும் மூன்று சென்னைப் பயணத்துக்கும் சேர்த்து 5,00,000 ரூபாய். மூன்றாம் கவுன்டர் ஊழியரின் எழுத்துபூர்வ மன்னிப்பு.

உங்களோடு சண்டை போட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கஷ்டமும் தெரியும். தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது ஒருவர் முழுசாகப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆனால் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்க இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதாவது மதுரையில். அப்போது ரயில் ஏறி வர வேண்டியது நீங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே புகாரைப் பதிவு செய்துவிட்டேன், பதிவு எண் இணைப்பில் இருக்கிறது.

இனிமேல் எதுவாக இருந்தாலும் எழுத்தில் மட்டும் தெரிவிக்கவும். முக்கியமாக என் மனைவியின் எண்ணுக்குப் போன் செய்து "ஃபீட்பேக் கொடுங்க மேடம்" என்று கேட்பதை உடனே நிறுத்தவும். போன வாரம் இரண்டு முறை வந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(என் மனைவியும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்)

இணைப்பு: 1. பணம் கட்டிய ரசீதுகள். 2. கப்பல் நிறுவனத்தின் உறுதிச் சீட்டு, பக்கம் 4. 3. ஸ்டாக்ஹோம் வவுச்சரின் நகல். 4. வாட்ஸப் செய்தியும் ஜூன் 16 அழைப்புப் பட்டியலும். 5. பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுகள், மூன்று பயணம். 6. 1915 பதிவு எண்.