மெரிடாவுக்கு ஒரு தோழி வேண்டும்: பிரெண்டா சாப்மனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிரெண்டா சாப்மன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் உருவாக்கிய ‘பிரேவ்’ என்ற அனிமேஷன் படம் என் மகளுக்கு மிகவும் பிடிக்கும். வில்வித்தைப் போட்டியில், இறுக்கமான ஆடையின் தையல் பிரிய இளவரசி மெரிடா நாணை இழுத்து, இலக்கின் நடுவில் ஏற்கெனவே தைத்திருக்கும் அம்பைப் பிளக்கும்போது என் மகள் எழுந்து நின்றுவிடுவாள்.

எனக்குப் பிடித்தது வேறு காட்சி. கரடியாக மாறிவிட்ட மெரிடாவின் அம்மா எலினோர் ராணி, காட்டில் அப்போதும் ராணியாகவே மேசையமைத்து, குச்சிகளைக் கத்தியும் முள்கரண்டியுமாக வைத்துக்கொண்டு காட்டுப் பழங்களைச் சாப்பிட உட்காருகிறாள். அவை விஷப் பழங்கள் என்று மெரிடாதான் சொல்கிறாள். அவளே அம்மாவை ஆற்றுக்கு அழைத்துப்போய் மீன் சாப்பிடவும் பழக்குகிறாள். இளவரசி எப்படி நடக்க வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று அதுவரை ஓயாமல் பாடம் நடத்தியவள் அங்கே மகளிடம் கற்றுக்கொள்கிறாள்.

டிஸ்னி இளவரசிகளான ஸ்னோ ஒயிட், சிண்ட்ரெல்லா, ஏரியல், பெல், ஜாஸ்மின் ஆகியோரின் கதைகளில் பெற்ற தாய்க்கு இடமே இல்லை. நீங்கள்தான் அம்மாவை உயிரோடு வைத்து, அவளோடு மகளைச் சண்டை போடவிட்டு, அந்தச் சண்டையையே கதையாக்கினீர்கள். உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் இடையிலான உறவிலிருந்து பிறந்த கதை அது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் படத்தை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தில், அதன் 13-வது படமான இது வரும் வரை ஒரு பெண்ணை மையமாக வைத்த கதை வரவில்லை. வந்தபோதும், 2010-இல் உங்களிடமிருந்து இயக்கத்தை வேறொருவருக்கு மாற்றினார்கள். படம் ஆஸ்கர் வென்றபோது மேடையில் உங்கள் பெயரும் ஒலித்தது நியாயம்.

கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலாளர்கள் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ‘அலாதீன்’ படத்தில் 90 சதவீத வசனம் ஆண்களுடையது. உங்கள் படத்தில் 74 சதவீதம் பெண்களுடையது. வீட்டில் படம் ஓடி, எலினோரும் மெரிடாவும் மாறி மாறிக் கத்தும்போது இந்த எண்தான் என் காதில் விழுகிறது.

2013 மே மாதம் மெரிடாவை டிஸ்னி இளவரசிகள் என்ற விற்பனை வரிசையில் சேர்த்தபோது அவள் இடையைச் சிறுக்க வைத்து, தோள் தெரியும் மினுமினுப்பான ஆடை உடுத்தி, வில்லையும் பிடுங்கிக்கொண்டார்கள். வில் இல்லாமல் மெரிடா ஏது? நீங்கள் பகிரங்கமாகக் கண்டித்தீர்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். திரையில் கொடுத்ததைக் கடையில் பறிக்கும் இந்த வேலை என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. குழந்தை படத்தைப் பார்ப்பது ஒன்றரை மணி நேரம். பொம்மையோடு இருப்பது ஆண்டுக்கணக்கில்.

இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஃபெர்கஸ் முதல் மூன்று குலத் தலைவர்கள் வரை, ஆண்கள் எல்லோரும் அடிதடியிலேயே திளைக்கும் கோமாளிகள். பெண் உயர்ந்து தெரிய ஆண்களை அப்படித் தாழ்த்த வேண்டியதில்லை. இதே படத்தை என் மகனும் பார்க்கிறான். அவனுக்கு நிதானமான ஓர் ஆணையாவது காட்டியிருக்கலாம்.

இன்னொன்று, அந்தத் தலைவர்கள் தங்கள் மகன்களை மட்டுமே அழைத்து வருகிறார்கள். மெரிடாவின் வயதில் வேறொரு பெண் கதையில் இல்லை. மனம் விட்டுப் பேச அவளுக்கு அங்கஸ் என்ற குதிரைதான் இருக்கிறது. அடுத்து நீங்கள் எழுதும் கதையில் துணிச்சல்காரப் பெண்ணுக்கு ஒரு தோழியைக் கொடுங்கள். இருவரும் கல்யாணத்தைப் பற்றி அல்ல, வேறு எதைப் பற்றியாவது வாய் ஓயாமல் பேசட்டும்.

அன்புடன்,
ஒரு மகளுக்கும் மகனுக்கும் அம்மா