ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: உலைக் கசடு செய்முறை வகுப்பு

பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வியாழன், வெள்ளி பிற்பகல்களில் ஒன்பதாம் வகுப்புக்குப் பழங்கால இரும்பு உருக்கு முறை பற்றிய செய்முறை வகுப்பு நடக்கும். உலை மூட்டப்போவதில்லை, கவலை வேண்டாம். தாதுவிலிருந்து இரும்பு பிரிந்தபின் உலை கழித்துப்போட்ட கசடைப் பார்த்து அங்கே என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். கத்தியும் கொழுவும் கைமாறி எங்கெங்கோ போய்விடும். கனத்த கசடை யாரும் வீணாகச் சுமப்பதில்லை. பெரும்பாலும் உலைக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும்.

இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துருத்தியால் ஊதிய மண் உலைகள் 1200 டிகிரியை ஒட்டியே எரிந்தன. அந்தச் சூட்டில் உருகி வழிவது கசடு மட்டுமே. இரும்பு, பஞ்சுபோல ஓட்டை விழுந்த கட்டியாக உள்ளேயே தங்கிவிடும். சூடு ஆறுமுன் அடித்து அதிலுள்ள கசடைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். காற்று மிஞ்சினால் உண்டான இரும்பே திரும்ப ஆக்சைடாகும். தாதுத் துண்டு பெரிதானால் நடுப்பகுதி மாறாமல் நிற்கும். ஊதுகுழல் வாயில் கசடு உறைந்தால் உலையே அவிந்துவிடும்.

வியாழனன்று அடர்த்தி பார்ப்போம். கசடுத் துண்டை முதலில் எடை போட வேண்டும். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, துண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கன அளவு, மில்லிலிட்டரில். துண்டு 210 கிராம், தராசு காட்டுவது 60 என்றால் அடர்த்தி 3.5. சாதாரணக் கல் 2.7-ஐ ஒட்டி நிற்கும். துண்டு குவளையின் அடியைத் தொட்டால் கணக்கு கெட்டுவிடும். உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த கசடு கல்லைவிட லேசாகவும் வரலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வழிந்து உறைந்த கசடின் மேற்புறம் கயிறு கிடப்பதுபோல வரிவரியாக இருக்கும், அடியில் மணல் ஒட்டியிருக்கும். செம்புறாங்கல்லும் ஓட்டை விழுந்து கறுத்துத் தெரிந்து ஏமாற்றும், ஆனால் அதில் இந்த வரி இராது.

வெள்ளியன்று காந்தம். கொல்லர் சம்மட்டியால் அடிக்கும்போது தெறிக்கும் செதில்கள் ஓரிரு மில்லிமீட்டரே இருக்கும், மண்ணோடு மண்ணாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உலர்ந்த மண்மேல் மெல்ல நகர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை உருவியதும் தாளில் உதிரும். பையில்லாமல் செய்தால் சுரண்டியெடுப்பதற்குள் பொழுது போய்விடும். தரையைக் கட்டம் போட்டுப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துச் செதிலையும் தனித்தனியே நிறுத்தால், பட்டறைக்கல் எங்கே இருந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இதனால்தான் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்த சூட்டில் பிள்ளைகள் பழைய மேடுகளில் கசடு பொறுக்கக் கிளம்புவார்கள். அனுமதிக்காதீர்கள். இடம் பெயர்ந்த கசடு பாதிக்குமேல் ஊமையாகிவிடும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. கண்டால், அளவு தெரியக் கையளவுப் பொருள் ஏதேனும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துவந்தால் போதும். வகுப்பில் வைப்பது அண்மையில் சோதனை உலையில் உருக்கிய இரும்புக் கசடு. செம்பு, ஈயக் கசடுகளில் நச்சு உலோகம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

கசடின் விளிம்பு கண்ணாடிபோல அறுக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் பள்ளியில் தருவோம். மூடிய காலணி போட்டு அனுப்புங்கள். ஒப்புதல் சீட்டு புதன் மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்