லித்தியம் பேட்டரி பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளி நிறத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் சீறுகிறது. "இதைத்தான் காரைக்குடியில் இன்வெர்ட்டருக்கு விற்கிறார்கள், தேக்கு வீடெல்லாம் எரிந்துபோகும்" என்று எழுதி, நம் கடையின் படத்தையும் சேர்த்துவிட்டார்கள். வளவு வாசலில், அதாவது வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்தில், மழை இறங்கும் வீடுகளிலிருந்து ஆச்சிமார் பதறிப்போய் அழைக்கிறார்கள்.

அந்தக் காணொளியில் இருப்பது தனி லித்தியம் உலோகம். உலோகங்களிலேயே இலேசானது, எண்ணெயிலும் மிதக்கும். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். நாங்கள் பொருத்தும் பேட்டரியில் அந்த உலோகத் துண்டு கிடையாது. இரும்போடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்த லித்தியம் சேர்மம்தான் இருக்கிறது. சோடியம் இதைவிட மூர்க்கமாகத் தண்ணீரில் வெடிக்கும். அதே சோடியம் குளோரினோடு சேர்ந்தால், நாம் குழம்பில் போடும் உப்பு. சொல்லப்போனால், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளியிடுவது நீங்கள் இத்தனை காலம் முகப்பில் வைத்திருந்த ஈய அமிலப் பேட்டரிதான்! அதைப் பற்றி யாரும் காணொளி போடவில்லை.

எந்தப் பேட்டரியும் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று நான் சொல்லமாட்டேன். குத்தினால், நசுக்கினால், பொருந்தாத சார்ஜரில் போட்டால் ஆபத்துதான். அதனால்தான் லித்தியத்துக்கு ஏற்ற இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்குப் பேட்டரி தர மறுக்கிறோம். அதற்காக எங்கள்மேல் வருத்தப்பட்டவர்களும் உண்டு. செல்போன்களில் பரவலாக உள்ள கோபால்ட் வகையைவிட, எங்களிடம் இருக்கும் வகை வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

லித்தியம் நமக்குப் புதிதும் அல்ல. வண்டிச் சக்கரத்து பேரிங்கில் வைக்கும் கிரீஸிலும் இருக்கிறது, மனநல மருத்துவர்கள் தரும் மாத்திரையிலும் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி 1991-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அதை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். பூட்டிய வீட்டில் ஈய அமிலப் பேட்டரி தண்ணீர் வற்றி, தகட்டில் சல்பேட் படிந்து வீணாகிறது. லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாதி சார்ஜில் அணைத்துவிட்டுப் போனால் மாதக்கணக்கில் தாங்கும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று அப்பா காலத்திலிருந்து எங்களை நம்பி வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இந்தப் புரளிக்கு நடுவிலும், "நீங்கள் சொன்னால் சரி" என்று பேட்டரி வாங்கிப் போனீர்கள். அதை மறக்கமாட்டேன்.

எங்களிடம் இருந்த மெக்கானிக் வெளியூர் போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு வந்து பார்க்க 300 ரூபாய் ஆகும்.

சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கு வாருங்கள். பேட்டரியின் மேலேயே அதன் வகை அச்சிடப்பட்டிருக்கிறது, காட்டுகிறேன். காணொளி வந்த குழுவில் இந்த மடலையும் போடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
காரைக்குடி