மகளுக்கு மட்டும் கேட்ட பறவை

அன்புள்ள மணி,

ஏழு மாதமாக நான் எழுதவில்லை. நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. திட்ட வேண்டியதையெல்லாம் அடுத்த கடிதத்தில் திட்டிவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. அக்கா மகன் கல்யாணத்தில் நீ முன்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டதாக அக்கா சொல்லிச் சொல்லி மாய்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை நானும் மகளும் ஒரு பறவை பார்க்கும் போட்டியில் கலந்துகொண்டோம். இங்கே நியூ ஜெர்சியில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது; ‘வேர்ல்டு சீரீஸ் ஆஃப் பேர்டிங்’ என்று பெயர். ஒரு நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை, 24 மணி நேரத்தில் ஒரு குழு எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்கிறது, அல்லது கேட்கிறது என்பதுதான் கணக்கு. 1984-இல் பீட் டன் என்பவர் தொடங்கியது. முதல் வருடம் ஜெயித்த குழுவில் யார் இருந்தார் தெரியுமா? பறவைகளை அடையாளம் காணும் கையேடுகளுக்குப் பேர்போன ரோஜர் டோரி பீட்டர்சன்! ஒரே நாளில் 201 வகை.

தெரிந்தவர்கள் ‘வகைக்கு இவ்வளவு தருகிறேன்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் பறவைகளைக் காப்பாற்றும் வேலைகளுக்குப் போகிறது. என் அலுவலகத்தில் 11 பேர், மகளின் பள்ளியில் 6 பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் குழுவில் நாலு பேர். நாங்கள் இருவர், பறவைகளைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் (72 வயது, நடையில் நம் இருவரையும் தோற்கடிப்பார்), வண்டி ஓட்டப் பக்கத்து வீட்டுப் பையன். சில குழுக்கள் மாநிலத்தின் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிவரை ஓடும். நாங்கள் தெற்கே கடலோரமாக இருக்கும் கேப் மே மாவட்டத்தை விட்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

நள்ளிரவில் பெல்பிளெயின் காட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். இங்கே ஒரு பக்கி இருக்கிறது, ராத்திரியில் கத்தும் பறவை. ‘விப்-புவர்-வில், விப்-புவர்-வில்’ என்று தன் பெயரையே விடாமல் சொல்லும். முதல் பறவை அதுதான். நீ கோடியக்கரையில் பக்கி மாதிரிக் கத்தி வாட்ச்மேனை எழுப்பிவிட்ட ராத்திரி ஞாபகம் வந்தது. இருட்டில் நான் சிரித்ததை மகள் விசித்திரமாகப் பார்த்திருப்பாள்.

காலை ஆறு மணிக்குள் 50 தாண்டிவிட்டது. மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பானின் கூடுகள் உப்புச் சதுப்பு நிலம் முழுக்க, கம்பத்துக்கு ஒன்றாக. டிடிடி பூச்சிக்கொல்லி முட்டை ஓட்டை மெலிதாக்கி இந்தப் பக்கத்தில் அந்த இனத்தையே துடைத்துப்போட இருந்தது. 1972-இல் நாடு முழுக்க அதைத் தடை செய்த பிறகு திரும்பி வந்தவை இவை. ஒன்று மீனோடு கூட்டில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் டீச்சர் கைதட்டினார்.

இனிமேல்தான் உனக்கு நான் சொல்ல வந்தது. ஏழரை மணி இருக்கும். ஒரு ஓக் மரத்தடியில் மகள் சட்டென்று நின்று விரலைத் தூக்கினாள். “பிளாக்போல் வார்ப்ளர்” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “இதோ, மறுபடியும்” என்றாள். எனக்கு இலைச் சத்தம் மட்டும்தான். டீச்சரைப் பார்த்தேன், அவரும் இல்லை என்று தலையை ஆட்டினார். பையனுக்கு ஏதோ கேட்டது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு கிராம் பறவை அது, மணி. இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறந்து தென் அமெரிக்கா போகிறது. அதன் பாட்டு ஊசி முனை மாதிரி மெலிந்து உச்ச ஸ்தாயியில் நிற்கும்.

குறைந்தது இரண்டு பேர் அடையாளம் கண்டால்தான் பட்டியலில் சேர்ப்போம். நடுவர் யாரும் பின்னால் வருவதில்லை, நம் வாய்ச்சொல்தான் சாட்சி. இருபது நிமிடம் அண்ணாந்து தேடினோம், கண்ணில் படவில்லை. “வேண்டாம்பா, எழுதாதே” என்று மகளே பேனாவை மூடி வைத்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவளை நினைத்துப் பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போன வருடம் இதே பறவையை நான் கேட்டேன்.

திங்கட்கிழமை காதைப் பரிசோதித்துக்கொண்டேன். உச்ச ஸ்தாயி ஒலிகள் எனக்கு விழுவதில்லையாம். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. 1970-இலிருந்து வட அமெரிக்காவில் ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஒரு ஆய்வு சொன்னது. மிக வேகமாகக் குறைந்துவரும் பறவைகளில் இந்த பிளாக்போலும் ஒன்று. நாளைக்கு நான் ஒரு மரத்தடியில் நின்று ஒன்றும் கேட்காவிட்டால், போனது என் காதா, பறவையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

சாயங்காலம் ரீட்ஸ் பீச்சுக்குப் போனோம். டெலவேர் விரிகுடா. மே மாதம் குதிரைலாட நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும். ‘ரெட் நாட்’ என்று செங்கல் நிற மார்புள்ள உள்ளான் (கரையோரப் பறவை), தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் துருவப் பகுதிக்குப் போகும் வழியில் இங்கே இறங்கி, இரண்டே வாரத்தில் அந்த முட்டைகளைத் தின்று ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை போடும். போடாவிட்டால் துருவம் போய்ச் சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்கத் தெம்பு இருக்காது. விலாங்கும் சங்கும் பிடிக்கும் பொறிகளில் இரையாக வைக்க அந்த நண்டை வண்டி வண்டியாக அள்ளினார்கள். 1980-களில் இந்த விரிகுடாவில் 90,000-க்கு மேல் இருந்த ரெட் நாட், 2021-இல் 7,000 கூட இல்லை. நியூ ஜெர்சி 2008-இல் நண்டு பிடிக்கத் தடை போட்டுவிட்டது. இருந்தாலும் பறவைகள் உடனே திரும்பிவிடுமா?

கயிறு கட்டி மறித்த இடத்தில் நின்று ஸ்கோப்பில் (தொலைநோக்கி) பார்த்தோம். கல்திருப்பிகளுக்கு நடுவே 40 ரெட் நாட் குனிந்து குனிந்து தின்றுகொண்டிருந்தன. நம்ம ஊர்க் கல்திருப்பியேதான், அதே ஆரஞ்சுக் கால்! எங்கள் பட்டியலில் ரெட் நாட் ஒரு எண்தான், ஆனால் அங்கிருந்து கிளம்ப யாருக்கும் மனம் வரவில்லை. அரை மணி நேரம் போட்டியை மறந்து நின்றோம். கடைசியில் 147. ஜெயிக்கிற எண் இல்லை. டீச்சர் அடுத்த வருடத்துக்கும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1992-லிருந்து 94 வரை கோடியக்கரையில் நாம் எழுதி வைத்த நீல அட்டை நோட்டுகள் உன் வீட்டுப் பரணில்தானே இருக்கின்றன? உப்பளத்தில் வெயிலில் நின்று கொசு உள்ளானையும் வளைமூக்கு உள்ளானையும் நூறு நூறாக எண்ணினோமே, பறவைகளின் காலில் வளையம் போடும் முகாமில் துணிப்பையில் உள்ளான்களைச் சுமந்துகொண்டு நடந்தோமே, அந்தக் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. பழைய பட்டியல்களை, தேதியும் இடமும் இருந்தால், பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றலாம். அன்று நம் காது நன்றாக இருந்தது, எண்ணிக்கையும் நன்றாக இருந்தது. அங்கே இப்போது வருகிறவற்றோடு யாராவது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும், மணி. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. எலி கடித்த பக்கத்தையும் விட்டுவிடாதே. என் கையெழுத்து புரியாவிட்டால் அப்படியே அனுப்பு, நான் படித்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் வருகிறோம். கோடியக்கரைக்கு மூன்று நாள் ஒதுக்கி வை, மகளும் வருகிறாள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்