டென்ஷனுக்குப் புரோபயாட்டிக் கேட்டு வரும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், வேலைப்பளுவால் வரும் மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் புரோபயாட்டிக் (உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகள் கொண்ட) மாத்திரைகள் குறைக்கும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அன்று மாலையே அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, இதுல போட்டிருக்கிற மாத்திரை இருக்கா?" என்று என் கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். சோழிங்கநல்லூரில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மருந்துக்கடை நடத்துகிறேன். பி.ஃபார்ம் படித்த மருந்தாளுநர். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐ.டி. கம்பெனிகளில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள். மதியம் மூன்று மணிக்குத் தூக்கம் கலையாத கண்ணோடு வந்து அசிடிட்டி மாத்திரை வாங்குவார்கள். ராத்திரி கடை மூடும் நேரத்தில் தலைவலி மாத்திரை கேட்பார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரை சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதியோடு நின்றுவிட்டது.

அவர்கள் கேட்பதும் எங்கள் அலமாரியில் இருப்பதும் ஒன்றல்ல. மருந்துக்கடைகளில் புரோபயாட்டிக் என்று அதிகம் விற்பவை பேசில்லஸ் கிளாசி குப்பிகள், சாக்கரோமைசிஸ் பவுலார்டி சாஷேக்கள், லாக்டோபேசில்லஸ் கலந்த கேப்சூல்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலோ, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனாலோ டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது இவற்றைத்தான். மன அழுத்தத்துக்கு என்று ஆராய்ந்து பார்த்தவை பெரும்பாலும் வேறு ரகங்கள். பிரியாணிக்குச் சீரகச் சம்பா கேட்டவருக்கு இட்லி அரிசியைக் கட்டிக் கொடுக்க முடியாது அல்லவா, அதுபோல ஒரு ரகம் தரும் பலனை இன்னொரு ரகத்திடம் எதிர்பார்க்க முடியாது. அட்டையில் பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் எழுத்தோ எண்ணோ சேர்ந்த ஒரு குறியீடு இருக்க வேண்டும். அதுதான் ரகத்தின் அடையாளம். பல அட்டைகளில் அதைத் தேடினாலும் கிடைக்காது. எத்தனை கோடி பாக்டீரியா என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

குடலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை இருப்பது உண்மைதான். 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளை அசைய முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றின் உடம்பில் அழுத்த ஹார்மோன் அதிகமாக ஏறியது. பிஃபிடோபாக்டீரியம் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் அது தணிந்தது. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் ஜேபி-1 என்ற லாக்டோபேசில்லஸ் ரகத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மலைப்பாகவே இருந்தது. அப்புறம் அதே கார்க்கில், அதே ரகத்தை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எலிக் கதையைச் சொல்லி விற்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

மனிதர்களிடம் பலன் தெரிந்த ஆய்வுகளும் இருக்கின்றன. ஜப்பானில் மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய 8 வாரங்கள் ஷிரோட்டா என்ற பாக்டீரியா ரகம் கலந்த பால் பானம் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்களிடம் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் ஏற்றமும் உடல் உபாதைகளும் குறைவாக இருந்தன. நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் யாகுல்ட்டில் இருப்பதும் இதே ரகம்தான். மலேசியாவில் மன அழுத்தத்தில் இருந்த 111 பேரை வைத்து டிஆர்7 என்ற ரகத்தை 12 வாரங்கள் சோதித்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. ஆனால் பிரான்சில் 2011-இல் நல்ல பெயர் வாங்கிய இரண்டு ரகக் கலவையை நியூசிலாந்தில் மனச்சோர்வுள்ள 79 பேரிடம் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஆக, சில ரகங்கள் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், அதுவும் வாரக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால். திங்கட்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு அட்டை வாங்கிப் போகிறவருக்கு அது எதையும் செய்யப் போவதில்லை.

"மகிழ்ச்சி ஹார்மோனில் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது" என்ற வரியை வாசகர்கள் பலர் அப்படியே என்னிடம் சொன்னார்கள். அந்த ஹார்மோன் என்று சொல்லப்படும் செரட்டோனினில் ஏறக்குறைய அவ்வளவு குடலில் இருப்பது சரி. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் இருக்கும் செரட்டோனினுக்கு முக்கியமான வேலை குடலை இயக்குவது. செரட்டோனினின் செயலைக் கூட்டும் எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை ஆரம்பிக்கிறவர்கள் பலருக்கு முதல் வாரத்தில் குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மனசுக்கு நல்லது தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். வயிற்றுத் தொந்தரவோ முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

என்னைக் கடிதம் எழுத வைத்ததும் இந்தப் பயம்தான். வழக்கமாக எங்களிடம் மனச்சோர்வுக்கான மாத்திரை வாங்கும் ஒரு பெண், அதை நிறுத்திவிட்டு புரோபயாட்டிக் கேப்சூலுக்கு மாறியிருந்தார். "அது கெமிக்கல், இது இயற்கை, எதுக்குக்கா ரெண்டும்?" என்றார். தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போல ஒரு உணர்வு, எரிச்சல், தூக்கமில்லை. புது மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். பழைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். அவரை உட்கார வைத்து, அவருடைய டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்து, மறுநாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கச் செய்தேன். 2023-இல் லண்டனில் இருந்து ஒரு நம்பிக்கையூட்டும் சிறிய ஆய்வு வந்தது. மருந்து எடுத்தும் முழுதாகக் குணமாகாத 49 பேரை வைத்துச் செய்தது. மருந்தைத் தொடர்ந்தபடியே 14 ரகக் கலவையையும் 8 வாரங்கள் எடுத்துக்கொண்டவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அவர்களில் யாரும் மருந்தை விட்டுவிட்டு இதற்கு மாறியவர்கள் இல்லை. உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் உள்ள ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து, ஊழியர்களுக்கு 'வெல்னஸ் கிட்' கொடுக்கப் போகிறோம், புரோபயாட்டிக் சாஷே மொத்தமாக என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கம்பெனிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். விடியற்காலை ஷிப்ட் முடித்து வந்து படுப்பார்கள். காலை பதினொரு மணிக்கு மீட்டிங் என்று எழுப்பிவிடுவார்கள். விடுமுறை நாளிலும் போனைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். தூக்கமும் சாப்பாட்டு நேரமும் இப்படிக் கெட்டால் குடல் பாக்டீரியாவும் சேர்ந்துதான் கெடும். மேலே இருந்து சாஷேயைக் கொட்டிக்கொண்டே இருந்தால் போதுமா? பணியிட மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேலைப்பளு போன்ற பணிச் சூழலையே மாற்ற வேண்டும், மேலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக அதே நிறுவனம் கணக்குச் சொல்கிறது. முதலாளிகளுக்கும் இதில் நஷ்டம்தானே. சாஷேக்கு விலை சொல்லவில்லை. மீட்டிங்கை மதியத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

தயிரும் பழைய சோறும் போதாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் வீட்டுத் தயிரில் எந்த ரகம், எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் அதில் உயிரோடு எதுவும் மிஞ்சாது. புளித்த மாவு இட்லியும் அப்படித்தான், ஆவியில் வெந்ததும் பாக்டீரியா போய்விடும். சத்தான உணவு என்பதில் மாற்றுக் கருத்தில்லை. மனச்சோர்வுக்கு வைத்தியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோபயாட்டிக்கைத் தொடவே கூடாது. உயிருள்ள கிருமி என்பதால், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அதுவே தொற்றாக மாறக்கூடும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது எந்த ரகம், எத்தனை பேரிடம், எத்தனை வாரம் சோதித்தது என்பதைச் சேர்த்துப் போடுங்கள். மனநல மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது என்பதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். கூடவே 14416 என்ற எண்ணும் இருக்கட்டும். அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். எங்கள் கடை பில்லின் பின்பக்கம் அந்த எண்ணை முத்திரை குத்தித்தான் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சோழிங்கநல்லூர், சென்னை